கிரேக்கக் கிழவரை வட்டைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போன கதை

பெண் வீட்டுக்குக் குடிபோகும் மாப்பிள்ளை முதல் ஒரு வருடத்துக்காவது சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று பழி போட முடியாது. அம்மா சொன்னார். சித்தப்பா சொன்னார். கலியாணத்தன்று எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டவர்கூட, கட்டுகிற சாக்கில் காதுக்குள் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் தத்துவம் படித்தவன் (அந்த நாட்களில் எதற்கும் இதுதான் என் காரணம்).

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருப்பான். வீடு, வளவு, வயல் எல்லாம் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளைக்குக் கிடைப்பது மாமியாரின் மீன்குழம்பும் 'மருமகன்' என்ற பட்டமும். அந்தப் பட்டம் வீட்டோடு நிற்காது. ஊரில் வயதில் மூத்தவர்கள் எல்லாருக்கும் நாம் மருமகன்தான். களுவாஞ்சிக்குடிக்காரனான நான் தர்ஷினியைக் கட்டிக் கிரானுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். ஒரு பெட்டி நிறைய உடுப்பும் இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களும் என்னோடு வந்தன. புத்தகப் பெட்டியைத் தூக்கிய என் மாமனார், "என்ன மருமகன், கல்லுக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அது கல்தான் என்று அப்போதே நான் நம்பியிருக்கலாம்.

பெட்டிக்குள் இருந்தவை பெரும்பாலும் பழைய கிரேக்கத் தத்துவ உரையாடல்கள். பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுக்கட்டுரை அவற்றைப் பற்றியது. அவற்றில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை விட, எப்படிச் சொல்லியிருக்கிறது, அந்த எழுத்து வடிவம் வாசிப்பவனின் மனதை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் விடயம். இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்குப் பசிக்காது. ஏதென்ஸ் நகரத்துத் தெருவில் ஒரு கிழவர் திரிகிறார். செருப்பில்லை, வேலையில்லை, எழுதும் பழக்கமும் இல்லை. எதிர்ப்படுகிற பெரிய மனிதரை நிறுத்தி, "எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்" என்று தொடங்குகிறார். செருப்புத் தைப்பவர், வைத்தியர், மாலுமி என்று எங்கேயோ இருக்கிற ஆட்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கிறார். எதிரில் நிற்பவர் 'ஆம்', 'நிச்சயமாக', 'வேறென்ன' என்று தலையாட்டிக்கொண்டே வருவார். கடைசியில் பார்த்தால், தான் தொடங்கிய இடத்துக்கு நேர் எதிரில் நிற்பார். அவர் எப்படி அங்கே வந்தார் என்று அவருக்கே விளங்காது.

இதையெல்லாம் எழுதிவைத்தது கிழவரின் மாணவர் ஒருவர். என்ன எழுத்து! எழுதியவர் தன் பெயரில் ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். ஆட்களை விட்டுக் கதைக்க வைப்பார். ஒருவர் தலையிடியோடு வந்திருப்பார், இன்னொருவர் கோபத்தில் முகம் சிவந்து வியர்ப்பார், இரண்டு பேர் ஊருக்கு வெளியே மரநிழலில் தண்ணீருக்குள் காலைப் போட்டபடி கதைப்பார்கள். தத்துவம் இப்படியும் வரும் என்று தெரிந்த நாளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானும் இப்படி ஒருவரைக் கேட்டே மடக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே பிடித்தது. மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் அளவையியல் படிப்பிக்கப் போனதும் அதனால்தான். மாணவர்களிடம் முயன்று பார்த்தேன். "சேர், விடையச் சொல்லுங்க, எழுதுறம்" என்றார்கள்.

ஆகவே வாய்ப்புக்காகக் காத்திருந்தேன். அது வந்தது தண்ணீர்ப் பிரச்சினை உருவத்தில்.

மாமியின் வயல் இருப்பது மருதடி வட்டையில். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்வெளி. குளத்துக்குப் பக்கத்தில் பாலையடி வட்டை, அதற்கு அப்பால் வாய்க்காலின் கடைசியில் எங்கள் மருதடி. குளம் நிறைந்திருந்தால் சிறுபோகத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரில் விளைகிற கோடைப் பயிருக்கு, இரண்டு வட்டையும் விதைக்கும். குறைந்த வருடத்தில் ஒன்றுதான் விதைக்கலாம், மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தத் தடவை ஒன்று, அடுத்த தடவை மற்றது என்று மாறி மாறி விடுவது ஊர் வழக்கம். முந்திய தடவை மருதடி விட்டுக்கொடுத்திருந்தது. ஆகவே இந்த முறை எங்களுடையது. தண்ணீர் கடைசி வரைக்கும் வந்து சேராது என்று பாலையடிக்காரர் முணுமுணுத்தார்கள்தான். ஆனாலும் வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது.

அந்த வருடம் அது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மழைக்காலப் பயிரான பெரும்போகத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வீட்டு நெல் கூடிய சீக்கிரம் முடிந்துவிடும். மாமி தன் வாழ்நாளில் கடை அரிசி சமைத்ததில்லை. கடையில் அரிசி வாங்குவதை அவர் வைத்தியசாலையில் படுப்பதற்குச் சமமாக நினைப்பவர். மருதடியில் வயல் வைத்திருந்த மற்றக் குடும்பங்களுக்கும் இதே நிலைமைதான். சிறுபோகம் போனால் அடுத்த பெரும்போகம் வரைக்கும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

சிறுபோகக் கூட்டத்தில் ஒவ்வொரு வட்டைக்கும் ஒருவர்தான் எழும்பிக் கதைப்பார். அவர் சொன்னால் வட்டை முழுவதும் சொன்ன மாதிரி. இடையில் இன்னொருவர் எழும்பித் திருத்துவது மரியாதை இல்லை. மருதடிக்கு எப்போதும் கதைப்பவர் என் மாமனார். அந்தத் தடவை பார்த்து அவருடைய கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் பணிஸ் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. கூட்டத்தன்று காலையில்தான் அதைப் பிடுங்க வைத்தியர் வரச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு எனக்கு வாய் துறக்க ஏலாது," என்றார் மாமா. "தண்ணி பங்கிடுற வட்டவிதானையக் கதைக்கச் சொல்லுவம்."

"ஏன் மாமா, நான் கதைக்கிறன்," என்றேன் நான்.

தர்ஷினி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாமாவும் யோசித்தார். ஆனால் மாமி என் பக்கம் நின்றார். "மருமகன் படிச்ச ஆள்தானே. ஒரு வசனம் சொல்ல மாட்டாரா?" என்றார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.

மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லித் தந்தார். "எழும்புங்க. 'போனமுறை நாங்க விட்டம், இந்தமுறை எங்கட முறை' எண்டு சொல்லுங்க. மறுகா கதிரையில இருங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. இவ்வளவு படித்துவிட்டு ஒரு வசனம் சொல்லி உட்காருவதா? உரிமை என்று கேட்டு வாங்குவதில் என்ன அழகு? பாலையடிக்காரரின் வாயாலேயே 'இது மருதடியின் முறை' என்று சொல்ல வைப்பதல்லவா அழகு? கிழவர் அதைத்தானே செய்வார்?

அன்று பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து ஒரு உரையாடல் எழுதினேன். ஒரு பக்கத்தில் நான். மறுபக்கத்தில் பாலையடிக்குக் கதைக்க வருகிற மூத்ததம்பி அண்ணன் (ஊருக்கே அவர் அண்ணன்தான்). அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நெல் குத்தும் மில் வைத்திருக்கிறார், கோயிலில் வண்ணக்கர், அதாவது நிருவாகத்தைப் பார்க்கிறவர். கோயில் கூட்டங்களில் ஊறி வளர்ந்த மனிதருக்குக் கதைக்கத் தெரிந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு நான் எழுதிக் கொடுத்த வசனங்கள் எல்லாம் 'ஓம்', 'சரிதான் மருமகன்', 'அத மறுக்க ஏலாது' என்றே இருந்தன. எழுதி முடித்து, மூத்ததம்பி அண்ணனின் பகுதியை வாசிக்கச் சொல்லித் தர்ஷினியிடம் கொடுத்தேன். அவள் கணிதம் படிப்பிப்பவள்.

இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள். "நான் ஏன் இதுக்கு ஓம் எண்டு சொல்லணும்?"

"அப்பிடித்தான் எழுதியிரிக்கு."

"அது நீங்க எழுதினது. அவருக்கு ஆர் சொன்ன, ஓம் எண்டு சொல்லணும் எண்டு?"

"கேள்வி அப்பிடி. வேற பதில் சொல்ல வழியே இல்ல."

"நான் சொல்லுவன்."

"நீ மூத்ததம்பி அண்ணன் இல்லையே."

தாளைத் திருப்பித் தந்துவிட்டு அவள் எழும்பிப் போனாள். என் ஆய்வுக்கட்டுரையைத் திருத்திய பேராசிரியர்கூட அவ்வளவு கூர்மையான கேள்வி கேட்டதில்லை என்பது எனக்கு விளங்க ஒரு நாள் பிடித்தது.

கூட்டம் பொது மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரைகளில் பாலையடி, மறுபக்கத்தில் மருதடி. மாமா பல்லைப் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சோடு நேராக வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். கூட்டத்தை நடத்தியவர் ஒரு அதிகாரி அம்மா. அடுத்த ஊரில் இன்னொரு கூட்டம் இருந்ததால் சுறுசுறுப்பாக நடத்தினார். குளத்தில் தண்ணீர் ஒரு வட்டைக்குத்தான் காணும் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"மருதடிக்கு ஆர் கதைக்கிற?"

நான் எழும்பினேன். வசனம் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்று உங்களுக்கு வாசிக்க ஒன்றும் இருந்திருக்காது.

"மூத்ததம்பி அண்ணன், உங்களிட்ட ஒரு சின்னக் கேள்வி கேக்கலாமா?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மூத்ததம்பி அண்ணன் சால்வையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழும்பினார். "கேளுங்க மருமகன்."

"ஒரு வைத்தியர் இரிக்கார். அவரிட்ட ஒரு போத்தல் மருந்துதான் இரிக்கு. ரெண்டு நோயாளி."

"என்ன வருத்தம்?"

நான் எழுதிய தாளில் இந்தக் கேள்வி இல்லை. "காய்ச்சல்," என்றேன்.

"காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாலே காணுமே."

சிரிப்பு எழும்பியது. "இல்ல அண்ணன், சாகிற வருத்தம். மருந்த ரெண்டு பேருக்கும் பாதி பாதியாக் குடுத்தா?"

"ரெண்டு பேரும் செத்துப்போவாங்க."

"அப்ப ஒருத்தருக்குத்தான் முழுசாக் குடுக்கணும்?"

"ஓம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. முதல் 'ஓம்'! தாளில் எழுதிய அதே இடத்தில்! கிழவரே எனக்குப் பக்கத்தில் நின்று முதுகில் தட்டிய மாதிரி இருந்தது. "அப்ப ஆருக்குக் குடுக்கணும் அண்ணன்?" என்று வெற்றிப் புன்னகையோடு கேட்டேன். தாளின்படி 'முந்திக் கிடைக்காதவருக்கு' என்று அவர் சொல்ல வேண்டும்.

"கிட்ட இரிக்கிறவனுக்கு," என்றார் மூத்ததம்பி அண்ணன். "அங்கால வாட்டில இரிக்கிறவனுக்கு ஓட்டைப் போத்தலில கொண்டு போனா வழியிலயே பாதி சிந்திப்போயிரும்."

எங்கள் வாய்க்கால் வெடித்துக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். பாலையடிப் பக்கம் கைதட்டிச் சிரித்தது. எங்கள் பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள் (யார் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்). பின்னால் மாமா "ம்ம்! ம்ம்!" என்று முனகிக்கொண்டு கையைக் கீழே கீழே அசைத்தார். 'உட்கார், உட்கார்' என்பதுதான் அதற்குப் பொருள். நானோ 'அவசரப்படாமல் ஆறுதலாகக் கேள்' என்று உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறுதலாகவே கேட்டேன். "சரி அண்ணன். நீதி எண்டா என்ன?"

இந்தக் கேள்வியை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டிருக்காது. அதிகாரி அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். மூத்ததம்பி அண்ணன் தலையைச் சாய்த்து என்னை அன்பாகப் பார்த்தார்.

"அதத்தானே மருமகன் நாங்க உங்களிட்டப் படிக்கணும். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் ஒண்டு கேக்கட்டா?"

கவனியுங்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.' இந்த வசனத்தைப் பற்றி என் கட்டுரையில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். இதைக் கேட்டால் ஓடித் தப்ப வேண்டும் என்று உலகத்திலேயே எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னது: "தாராளமாக் கேளுங்க அண்ணன்!"

"ரெண்டு பேர். ஒருத்தன் தனக்குத்தான் வேணும் எண்டு புடிச்சு இழுக்கிறான். மத்தவன், சரி கொண்டு போ எண்டு விடுறான். இதில ஆர் பெரிய மனிசன்?"

என் கட்டுரையின் கடைசிப் பகுதி முழுவதும் இதுதான். பிறருக்குக் கெடுதல் செய்து வெல்வதை விடத் தான் நட்டப்படுவதே மேல் என்பது கிழவரின் உயிர்நாடியான கொள்கை. அதை ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் மறுப்பதா? நான் என்ன சோற்றுக்காகக் கொள்கையை விற்கிறவனா? (விடயமே சோறுதான் என்பது மறந்துபோயிற்று.)

"விட்டவர்தான் அண்ணன்."

"தனக்கு நட்டம் எண்டாலுமா?"

"நட்டம் எண்டாத்தான் அது பெரிய மனசு!"

"அப்ப, போனமுறை விட்டுத்தந்த மருதடி ஆக்கள்?"

"பெரிய மனிசர்!"

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும்தான். யாருக்குத்தான் பிடிக்காது? பின்னாலிருந்து "ம்ம்ம்ம்!" என்று சத்தம் கூடியது.

"அந்தப் பெரிய மனசு ஒருக்கா விட்டதோட முடிஞ்சிருமா மருமகன்?"

"முடியாது!" என்று கையை உயர்த்தினேன். "அது எப்பவும் இரிக்கும்!"

மூத்ததம்பி அண்ணன் உட்கார்ந்தார். "அவ்வளவுதான் மிஸ்," என்றார் அதிகாரி அம்மாவிடம்.

"சந்தோசம்," என்றார் அதிகாரி அம்மா. "மருதடிக்குக் கதைக்க வந்தவரே சொல்லிப்போட்டார். இந்தச் சிறுபோகமும் மருதடி வட்டை விட்டுக்குடுக்குது. நல்ல முன்மாதிரி. அடுத்தது, மாடுகள வயலால அப்புறப்படுத்துற திகதி."

மாமா பஞ்சைத் துப்பிவிட்டு "ஐயோ!" என்றார். அதற்குள் மண்டபம் மாடுகளுக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் சிலர் எழும்பப் பார்த்தார்கள். மூத்ததம்பி அண்ணன் திரும்பி, அதே அன்பான குரலில், "மருதடி ஆக்கள் சொன்ன சொல்ல மாத்துறவங்க இல்ல. எனக்குத் தெரியும்," என்றார். எழும்பியவர்கள் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

மாமாவின் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். மாமி வாசலில் நின்றார்.

"என்ன மருமகன், எப்ப தண்ணி துறக்கிறாங்க?"

சொன்னேன். நடந்ததை முழுவதும், வைத்தியர், நோயாளி, கொத்தமல்லி எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த ஒரு வசனத்த ஏன் மனே சொல்லல்ல?" என்று கேட்டார். பிறகு, "வாங்க, சாப்பிடுங்க," என்று உள்ளே போனார்.

அன்று இரவு படுக்கப் போன பிறகு தர்ஷினிதான் கதையைத் தொடங்கினாள். "உங்கட கிழவர் எப்பவாவது தோத்திரிக்காரா?"

"ஓம். ஒருக்கா ஊர்ச்சபை முன்னால அவருக்கு வழக்கு நடந்தது. அங்க கதைச்சும் வெல்ல ஏலாமப் போயிற்று."

"மறுகா?"

"நஞ்சு குடிக்கச் சொல்லித் தீர்ப்பு."

இருட்டுக்குள் அவள் எழும்பி உட்கார்ந்தது தெரிந்தது. "இத நீங்க முதலே சொல்லியிருந்தா, நான் உங்கள அந்த மண்டபத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டன்."

அதன் பிறகு பல நாட்கள் அந்தப் புத்தகங்களைத் திறக்கவில்லை. திறந்தபோது வேறு கண்ணோடு வாசித்தேன். அதுவரைக்கும் கிழவரின் கேள்விகளில்தான் வல்லமை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், எதிரில் நிற்பவரின் ஒவ்வொரு 'ஆம்'மையும் எழுதியது எழுத்தாளரின் கை. அது ஏமாற்று இல்லை. அந்தக் கைக்காரர் எல்லாரையும் தலையாட்ட வைக்கவும் இல்லை. சிலர் கோபித்துக்கொண்டு பாதியில் வாயை மூடுகிறார்கள். சிலர் வேலை இருக்கிறது என்று நழுவுகிறார்கள். பல உரையாடல்கள் விடை இல்லாமலே முடிகின்றன. முன்பு இவற்றையெல்லாம் நான் குறை என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிந்தது: கிழவரால் எதிரில் நின்றவரை மாற்ற முடியாமல் போனது எத்தனையோ தடவை என்பதை அவருடைய மாணவர் மறைக்கவே இல்லை. மாறுவது மண்டபத்தின் கடைசிக் கதிரையில் சும்மா இருந்து கேட்கிற ஆள், அதாவது வாசிக்கிற நாம். எத்தனையோ நூற்றாண்டு தள்ளிக் கிரானில் இருக்கிற ஒருவனை மனதுக்குள் 'ஓம்' என்று சொல்ல வைத்து, அதை அவனே கண்டுபிடித்ததாக நம்பவும் வைக்கிறது அந்த எழுத்து. அதற்கு முன்னால் நான் கையெடுத்துக் கும்பிடத் தயார். என் பிழை, அதை ஒரு ஆயுதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான்.

மூத்ததம்பி அண்ணனையும் வியக்காமல் இருக்க முடியவில்லை. அவர் என்னோடு கதைத்தது மாதிரித்தான் இருந்தது. உண்மையில் மண்டபத்தோடு கதைத்தார். எங்கள் ஆட்கள் கேட்க ஆசைப்பட்ட ஒன்றை என் வாயால் சொல்ல வைத்து, அவர்களையே கைதட்ட வைத்தார். நான் வருடக்கணக்கில் படித்ததை அவர் கோயில் நிருவாகத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் வியப்பு வயிற்றை நிரப்பாது. வீட்டு நெல் முடிந்தது. முதல் தடவையாகக் கடை அரிசி வந்தது. மாமி அதைச் சுளகில் கொட்டிக் கல் பொறுக்கினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுளகைக் கடந்து போக வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பஸ் தரிப்பில் நின்றால் மருதடிக்காரர் யாராவது, "மருமகன், ஒரு போத்தல் மருந்து, ரெண்டு நோயாளி..." என்று தொடங்குவார்கள். வயல் தரிசாகக் கிடந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பாவது கிடைக்கட்டும் என்று நானும் நின்று கேட்பேன்.

பாலையடியில் அறுவடை முடிந்ததும் மூத்ததம்பி அண்ணன் புது அரிசி ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். அவரே குத்திய அரிசி. தேத்தண்ணி குடித்துவிட்டு என் புத்தகங்களைப் பற்றிக் கேட்டார். நான் கிழவரைப் பற்றியும் எழுதிய மாணவரைப் பற்றியும் சொன்னேன். (அன்று அவர் கேட்டார், நான் சொன்னேன். எனக்குக் கேள்வி கேட்கும் எண்ணமே வரவில்லை.)

"அப்ப ரெண்டு பக்கத்துக் கதையையும் அந்த ஒரு ஆள்தான் எழுதினதா?" என்று வியந்தார். "கெட்டிக்காரன் மருமகன்! எனக்கு மத்தப் பக்கத்த எழுத ஏலுமெண்டா நான் இந்த ஊரிலயா இரிப்பன்?"

அந்த அரிசியைத்தான் மாமி அன்று பகல் சமைத்தார். என் சாப்பாட்டுக் கோப்பையில் போடும்போது, "சாப்பிடுங்க மருமகன். அரிசி அவங்கட, தண்ணி எங்கட," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்தார் என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அடுத்த வருடமும் மழை ஏமாற்றியது. மறுபடியும் ஒரு வட்டைக்குத்தான் தண்ணீர். இந்தத் தடவை மாமாவுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கூட்டத்தன்று காலையில் மாமி சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "வயல் என்ட. நான் கதைக்கிறன்," என்றார். யாரும் மறுக்கவில்லை. என்னைக் கடைசி வரிசைக் கதிரையில், தர்ஷினிக்கும் சுவருக்கும் நடுவில் இருத்தினார்கள்.

"மருதடிக்கு ஆர் கதைக்கிற?"

மாமி எழும்பினார். "ரெண்டுமுறை நாங்க விட்டம். இந்தமுறை எங்கட முறை," என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார்.

மூத்ததம்பி அண்ணன் சால்வையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழும்பினார். அதே சாய்ந்த தலை, அதே அன்பான பார்வை.

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கட்டா?"

"வேணாம்," என்றார் மாமி.

மூத்ததம்பி அண்ணன் சால்வையை மறுபடியும் சரிசெய்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அதிகாரி அம்மா மாடுகளுக்குப் போனார். தண்ணீர் மருதடிக்கு வந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அத்தனை உரையாடல்களிலும் அத்தனை பெரிய மனிதர்களில், கிழவர் முதல் கேள்விக்கு அனுமதி கேட்டபோது இந்தப் பதிலைச் சொல்ல ஒருவருக்குமே தோன்றவில்லை. ஏதென்ஸில் என் மாமி இருந்திருந்தால் தத்துவம் முதல் பக்கத்தோடு முடிந்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் 'ஒண்டு கேக்கட்டா?' என்று தொடங்க முடியாது. உப்புப் போத்தல் எங்கே என்று கேட்க வந்தால்கூட, சமையலறையிலிருந்தும் விறாந்தையிலிருந்தும் ஒரே குரலில் 'வேணாம்' என்று வரும். மூத்ததம்பி அண்ணன் வந்தாலும் அதே மரியாதைதான். கிழவரை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் ஆசை மட்டும் எனக்கு விடவில்லை. போன கிழமை, பாலர் பாடசாலைக்குப் போகிற என் மகளை மடியில் வைத்து, குரலைத் தாழ்த்தி, "மகள், அப்பா உங்களிட்ட ஒரு சின்னக் கேள்வி கேக்கட்டா?" என்று தொடங்கினேன். அவள் இறங்கி ஓடிக்கொண்டே பதில் சொன்னாள். சமையலறையில் மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது.